இருவர் விரித்த படுக்கை

அன்றைக்கு அந்த அறையில் அம்மா இருந்தாள். அம்மாவோடு எப்போதும் ஜோடியாக வேலை செய்பவர், சொந்தமில்லாவிட்டாலும் நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், அவரும் இருந்தார். ஏற்காட்டு ஏரிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் மற்றப் பெண்களும் சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தார்கள். கையில் டேப்லட்டோடு, சேலத்திலிருந்து தேர்வு வைக்க வந்த மேடம் நடுவில் இருந்தார். பெயர்களைப் பதிந்து கொடுத்தவன் என்பதால் கதவோரம் நானும் இருந்தேன். அப்பா இல்லை. லோடு வண்டி ஓட்டுகிற அவர் தக்காளி ஏற்ற அடிவாரத்துக்குப் போயிருந்தார். ஓட்டலை வாங்கிய புது முதலாளியும் இல்லை. அவரை எங்களில் யாரும் பார்த்ததே இல்லை. ஆனால் இத்தனை பேர் அங்கே கூடியது அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான்.

சீசன் முடிவதற்குள் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டுமே வேலை என்பது அவருடைய உத்தரவு. அவர்களுக்கு பி.எஃப். உண்டு, நிரந்தரம் உண்டு. மற்றவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். மேனேஜர் இதைத் துணி காயப்போடும் பின்கட்டில் வைத்துச் சொன்னாராம்.

“ரூம் பெருக்கறதுக்கு எதுக்குங்க சர்ட்டிபிகேட்டு?” என்று பெரியம்மா கேட்டிருக்கிறார்.

“என்னையவே சர்ட்டிபிகேட்டு கேட்டிருக்காங்கம்மா. உங்களைக் கேக்க மாட்டாங்களா?” என்று மேனேஜர் தலையைச் சொறிந்திருக்கிறார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அம்மா அந்த ஓட்டலில் சேர்ந்தாள். நான் டிகிரி முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். அந்த வேலை போனால் அவளுக்கு மிச்சம் எஸ்டேட்டில் மிளகு பறிப்பதும் களை வெட்டுவதும்தான். இரண்டையும் ஒரு காலத்தில் செய்தவள். முழங்கால் வலி அங்கேயிருந்துதான் கூட வந்தது.

எங்கள் வீட்டில் பரீட்சை என்ற சொல் அதுவரை எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அப்பா கையெழுத்துப் போடுவார், பஸ் பெயர் படிப்பார். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்ததே எனக்காகத்தான். பரீட்சை நாட்களில் அவள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே என்னை எழுப்பிவிடுவாள். பேனாவைத் திறந்து தன் உள்ளங்கையில் நாலு கோடு கிறுக்கி, மை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடி வைப்பாள். எனக்கு என்ன பாடம் என்று அவளுக்குத் தெரியாது. பேனா எழுதும் என்பது தெரியும். அன்றெல்லாம் அந்த மைக்கறை படிந்த கையோடுதான் ஓட்டல் படுக்கைகளை விரித்திருப்பாள் என்று பின்னால்தான் எனக்குத் தோன்றியது.

ஆகவே அவளுக்குப் பரீட்சை வந்தபோது நான் பெரிய மனுஷனாகிவிட்டேன். அரசாங்கத்தில் இப்படி ஒரு முறை இருக்கிறது, ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்து காட்டினால் போதும், வகுப்பில் உட்கார வேண்டாம், புத்தகம் வேண்டாம், உன் கைக்குத் தெரிந்ததைக் கண்ணால் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள் என்று விளக்கிச் சொன்னேன்.

“செஞ்சு காட்டறதுதானே? தெனமும் செய்யறதுதானே?” என்று அம்மா கேட்டாள்.

“அதேதாம்மா.”

“அப்புறம் எதுக்குச் சாமி இத்தனை பயம் வருது?”

எனக்கும் ஒவ்வொரு பரீட்சைக்கும் வந்ததுதான்.

முதலில் வாய்மொழிக் கேள்விகள். மேடம் அந்தப் பெண்களைவிடச் சின்ன வயதுக்காரர் போலத் தெரிந்தார். முகத்தில் கடுமை இல்லை. எந்த நிறத் துணியால் எதைத் துடைப்பது என்று கேட்டார். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். விருந்தினர் விட்டுப்போன பொருளை என்ன செய்வது என்று கேட்டார். அதற்கும் சரியாகச் சொன்னார்கள்.

“ரூம்ல தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“கத்துவேனுங்க மேடம்” என்றாள் அம்மா.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெரியம்மா சிரிக்காமல், “மொதல்ல கெஸ்ட்டை எழுப்போணும் புள்ள. அப்பறம் கத்திக்கலாம்” என்றார்.

“உங்க முறை வரும்போது நீங்க சொல்லுங்கம்மா” என்றார் மேடம். ஆனால் அவரும் சிரித்துவிட்டார். இதிலேயே பாதி பயம் போய்விட்டது என்று நினைத்தேன்.

பிறகு செய்முறை. பெரிய கட்டில், உறையில்லாத மெத்தை, மடித்து வைத்த வெள்ளை விரிப்பு. மேடம் டேப்லட்டை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டார். “ஒருத்தர் ஒருத்தரா வாங்க. பேரைச் சொல்லிட்டு ஆரம்பிங்க” என்றார்.

முதல் ஆள் அம்மா.

அம்மா விரிப்பை உதறிய அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா வேலை செய்வதையே அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரே உதறலில் அது காற்றில் புடைத்து, மெத்தைமேல் சரியாக நடுக்கோட்டில் இறங்கியது. கால்மாட்டில் விரிப்பைச் செருகினாள். இடது ஓரம் போனாள். தொங்கும் துணியை முக்கோணமாகத் தூக்கி மெத்தைமேல் போட்டு, கீழே மிஞ்சியதை உள்ளே தள்ளி, முக்கோணத்தை இறக்கி மறுபடி செருகினாள். மூலை கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. மேடம் தலையாட்டியதை நான் பார்த்தேன்.

இடது ஓரம் முழுவதும் முடிந்தது. அம்மா நிமிர்ந்தாள். கையைத் தொங்கவிட்டாள். நின்றாள்.

“முடிங்கம்மா” என்றார் மேடம்.

“முடிஞ்சுதுங்க.”

“வலது பக்கம் இருக்குதேம்மா.”

அம்மா வலது பக்கத்தைப் பார்த்தாள். அது ஏதோ அடுத்த வீட்டு வாசல்போல. “அந்தப் பக்கம் அக்கா பாத்துக்குவாங்க மேடம்” என்றாள்.

அது நகைச்சுவைக்குச் சொன்னதல்ல. சீசனில் பதினோரு மணிக்குக் காலியாகும் அறைக்குப் பன்னிரண்டுக்கெல்லாம் அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும். அதனால் ஏற்காட்டு ஓட்டல்களில் இரண்டிரண்டு பேராகத்தான் படுக்கை விரிப்பார்கள். அம்மா சேர்ந்த முதல் நாள் இடது பக்கம் நின்றாள். பெரியம்மா வலது பக்கம் நின்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் பக்கம் மாற்றிக்கொண்டதே இல்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அம்மா சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். தூக்கும் கை எது, செருகும் கை எது என்று தடுமாறினாள். முக்கோணம் தலைமாட்டைப் பார்த்து விழுந்தது. கலைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே விழுந்தது. கழுத்தில் வேர்வை வழிந்தது.

அப்போதுதான் அது நடந்தது. வரிசையில் நின்றிருந்த பெரியம்மா இரண்டு எட்டு முன்னால் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வலது மூலையைப் பிடித்தார், தூக்கினார், செருகினார், இழுத்தார். அம்மா தன்னையறியாமல் இடது பக்கம் போய்த் தலையணை உறையை எடுத்தாள். மூச்சு விடும் நேரத்தில் படுக்கை ஒரு சுருக்கம் இல்லாமல் தயாராகிவிட்டது. அதன் பிறகே பெரியம்மா தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் அதை நிறுத்தினார். பிறகு இருவரையும் பக்கத்தில் அழைத்து மெல்லப் பேசினார். “நான் பாத்துட்டேன்மா. நல்லாத்தான் வேலை செய்யறீங்க. ஆனா இதுல நாலு கை இருக்குது. எந்த ரெண்டு கைக்கு நான் மார்க் போடறது?”

“பாதி அக்காளுக்கு, பாதி எனக்குப் போட்டுருங்க” என்றாள் அம்மா.

“அப்படிப் போட முடியாதுங்கம்மா. சான்றிதழ்ல ஒரு பேருதான் வரும்.”

“அப்போ அவளுக்கே போட்டுருங்க. தப்பு பண்ணுனது நானு” என்றார் பெரியம்மா.

மேடம் இருவருக்கும் ‘இன்னும் தேறவில்லை’ என்று பதிந்தார். ஃபெயில் என்று சொல்லவில்லை. ‘இன்னும்’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். பெரியம்மா வேறொருவர் தேர்வில் கை வைத்ததால் அன்றைக்கு அவருக்கும் தேர்வு கிடையாது. கட்டணம் கட்டினால் ஒரு மாதம் கழித்துச் சேலத்தில் மறுதேர்வு. மற்றப் பெண்களில் பலர் தட்டுத் தடுமாறித் தேறினார்கள். அவர்களுடைய ஜோடிகள் அடிக்கடி மாறுகிறவர்கள். அதனால் இரண்டு பக்கமும் ஓரளவு பழக்கம் இருந்தது. எல்லோரும் பொறாமையோடு பார்த்த ஜோடிதான் மாட்டிக்கொண்டது.

எனக்கு மேடத்தின் மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. எங்கள் ஊரான வாழவந்திக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கோபப்பட இடமில்லை. அம்மாவுக்கு வலது பக்கம் உண்மையிலேயே தெரியாது.

அப்பா கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“எனக்கு லைசென்சு குடுத்த கதை தெரியுமில்ல? சேலத்துல ஒரு மைதானம். வண்டியை முன்னால விடு, பின்னால எடு, அவ்வளவுதான். மலைப் பாதையில எப்படி வளைப்பேன்னு ஒருத்தனும் கேக்கல. லைசென்சு வாங்கிட்டு வந்துதான் கொண்டை ஊசியில நடுங்கிக்கிட்டுக் கத்துக்கிட்டேன்.”

“உங்களுக்குத் தெரியாததுக்குக் குடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சதுக்குக் குடுக்கல. இதுல என்னங்க பெருமை?” என்றாள் அம்மா.

“பெருமை ஒன்னுமில்ல. பழகுனா வருமுன்னு சொல்றேன்.”

பழகுவதற்கு ஒரு கட்டில் வேண்டும். சீசன் நேரத்தில் ஓட்டல் அறை பழகக் கிடைக்காது. எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. பெரியம்மா வீட்டிலும் இல்லை. ஊரில் கட்டில் இருந்த வீடுகளிலும் அது ஒற்றைக் கட்டில். தினமும் பெரிய பெரிய கட்டில்களில் மெத்தை விரித்துவிட்டு வந்து பாயில் படுக்கிற இருவர். அதில் எந்த விசித்திரமும் அதுவரை எங்களுக்குத் தெரிந்ததில்லை.

டவுனில் ஒரு லாட்ஜில் பழைய சாமான்களைக் கழிக்கிறார்கள் என்று அப்பா கேள்விப்பட்டு வந்தார். ஒரு சாயங்காலம் சிநேகிதருடைய பிக்கப்பில் ஒரு இரட்டைக் கட்டிலும் நடுவில் பள்ளம் விழுந்த மெத்தையும் வந்து இறங்கின. கட்டில் வாசலில் நுழையவில்லை. காலைக் கழற்றிச் சாய்த்து உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டினோம். அதன் பிறகு எங்கள் ஒற்றை அறையில் நடப்பதற்குக் கட்டிலைச் சுற்றி ஒரு பாதை மட்டும் மிஞ்சியது. சாப்பாடு சமையலறையில் ஒருவர் பின் ஒருவராக. அப்பா, “ஊடே ஓட்டலாயிருச்சு, காப்பி கொண்டா” என்று கட்டிலில் சாய்ந்து அதிகாரம் செய்வார். “எந்திரிங்க, படுக்கை விரிக்கோணும்” என்று அம்மா துரத்துவாள்.

அந்தச் சாயங்காலங்களை இன்று நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சத்தம். விரிப்பை உதறும்போது வரும் ‘பட்’ என்ற சத்தம். அறை முழுவதும் ஒரு காற்று எழும்பும். சாமி படத்துக்கு முன்னால் இருக்கிற விளக்கின் சுடர் ஆடும். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். பெரியம்மா வேலை முடிந்து ஒரே பஸ்ஸில் அம்மாவோடு வந்து, தன் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார். புதன்கிழமை மட்டும் சர்ச்சில் ஜெபக்கூட்டம், வரமாட்டார்.

விதி எளிது. அம்மா பெரியம்மாவின் பக்கம் நிற்க வேண்டும். பெரியம்மா அம்மாவின் பக்கம் நிற்க வேண்டும். மேடம் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் மேடம்.

“கை மாத்துங்கம்மா. இடது கையில தூக்குங்க.”

“நீ சும்மா இரு சாமி. மேடமே இத்தனை பேசல.”

முதல் வாரம் பெரியம்மாவின் மூலைகள் பொட்டலம் கட்டியதுபோல் இருந்தன. “மளிகைக் கடையில வேலைக்குச் சேந்துக்கோங்க அக்கா” என்றாள் அம்மா. “நீ மடிச்சதைப் பாரு, எலி கூடு கட்டுனாப்பல” என்று பதில் வந்தது.

இரண்டாம் வாரம் பேச்சு வேறு திசைக்குத் திரும்பியது. அம்மாவின் பக்கத்திலிருந்து விரிப்பை இழுத்துப் பார்த்த பெரியம்மா திடீரென்று நிறுத்தினார்.

“ஏம்புள்ள, நீ உன் பக்கம் இழுக்கறதே இல்லையா?”

“எதுக்கு இழுக்கோணும்? செருகுனாப் போதாதா?”

“தொளதொளன்னு வுட்டுட்டு நீ பாட்டுக்குச் செருகிட்டுப் போயிருவ. இத்தனை வருசமும் உன் பக்கத்துச் சுருக்கத்தையும் சேத்து நானேதான் இழுத்துக்கிட்டு இருந்திருக்கறேன். என்ர தோள்பட்டை ஏன் வலிக்குதுன்னு இப்பத்தானே தெரியுது!”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க மட்டுமென்னவாம்? நடுக்கோடு பாத்து விரிச்சிருக்கீங்களா ஒரு நாளு? உதறி நடுவுல போடறது நானு. நீங்க வந்து மூலையப் புடிக்கறது மட்டும்தான். இப்ப நீங்க உதறுனா எங்க போய் வுழுகுது பாருங்க, பாதி தரையில கிடக்குது.”

இருவர் சொன்னதும் உண்மை. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பி நிரப்பி, யார் எதை விட்டார்கள் என்று இருவருக்குமே தெரியாமல் போயிருந்தது. பெரியம்மா காப்பி குடிக்காமல் போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்களாம். பேச்சு மட்டும் இல்லையாம்.

மூன்றாம் நாள் அம்மா வேலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள், பின்னாலேயே பெரியம்மாவும். நடந்தது இதுதான். கோபத்தில் இருவரும் அவரவர் குறையைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மா தன் பக்கம் இழுத்தாள். பெரியம்மாவும் வழக்கம்போல் இழுத்தார். ஒருவர் இழுக்க மற்றவர் இழுக்க, விரிப்பு அங்குமிங்கும் போய், கடைசியில் இருவரும் தம் கட்டி இழுத்ததில் பழைய விரிப்பு நடுவில் டர்ரென்று கிழிந்துவிட்டதாம். பேசாமல் இருந்தவர்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள்.

“கிழிசலை என்னன்னு எழுதறதுன்னு மேனேஜர் கேட்டாரு சாமி,” என்றார் பெரியம்மா. “கெஸ்ட்டு நொம்ப பெரண்டு படுத்துட்டாருன்னு எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டோம்.”

அன்றிலிருந்து பயிற்சி வேகமாக நடந்தது. குற்றம் சொல்வதும் வெளிப்படையானது. “இழு, இழு, நான் இல்லைன்னு நினைச்சு இழு” என்பார் பெரியம்மா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அம்மா உதவிக்குக் கண்ணால் தேடுவாள். பெரியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். உதவாமல் நிற்பதுதான் அவருக்கு அந்த மாதத்தில் ஆகக் கடினமான பாடமாக இருந்தது. சில நாள் முந்தானையைக் கைகளில் சுற்றிக்கொண்டு நிற்பார்.

மறுதேர்வுக்குச் சேலம் போனபோது மூவரும் காலை பஸ்ஸில் இறங்கினோம். பயிற்சி மையத்தில் ஒருவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா உள்ளே போனதும் வெளி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் கைகள் மடியில் அசைந்துகொண்டே இருந்தன. தூக்கின, செருகின, இழுத்தன. உள்ளே நடப்பது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைகளை வைத்து, இப்போது வலது மூலைக்கு வந்திருப்பாள் என்று யூகித்துக்கொண்டேன்.

அம்மா வெளியே வந்து, “எதிர்ப்பக்கம் ஆளில்லாம என்னமோ போல இருந்துச்சுங்கக்கா” என்றாள். பிறகு பெரியம்மா உள்ளே போனார். இப்போது அம்மாவின் கைகள் அசைந்தன.

இருவரும் தேறினார்கள். சான்றிதழில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மேடம் சொன்னது போலவே.

வேலை போகவில்லை. இருவரும் நிரந்தரமானார்கள். ஆனால் புது நிர்வாகம் புதுக் கணக்கு வைத்திருந்தது. தனியாக ஒரு அறையை முடிக்கத் தெரிந்தவர் என்று காகிதம் சொல்லும்போது ஒரு அறைக்கு எதற்கு இரண்டு பேர்? அம்மாவுக்கு முதல் மாடி, பெரியம்மாவுக்கு இரண்டாம் மாடி என்று பிரித்துவிட்டார்கள். ஆளுக்கொரு தள்ளுவண்டி. மதியச் சாப்பாட்டு நேரமும் வேறு வேறு. பஸ்ஸில் மட்டும் ஒரே சீட்.

நான் இப்போது சேலத்தில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். ஞாயிறுகளில் மலையேறுவேன். கட்டில் இன்னும் அந்த அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்பா அதில் படுக்கிறார். அம்மா பாயில்தான். “அதுல படுத்தா எந்திரிச்சு விரிக்கோணுமேன்னு தோணுது சாமி” என்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராகப் பெரியம்மா வந்தார். முதல் நிரந்தரச் சம்பளத்துக்குப் பிறகு சேர்த்து வைத்த பணம் கொண்டுவந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “கண்ணு, கட்டிலுக்கும் பரீட்சைக்கும் ஆன செலவைக் கணக்குப் போடு. பாதி என்னோடது” என்றார்.

“கட்டில் எங்க ஊட்டுல கிடக்குது. நீங்க எதுக்குக் குடுக்கோணும்?” என்றாள் அம்மா.

“வலது பக்கம் என்னோடது புள்ள. பேசாம இரு.”

அம்மா காப்பி போடுவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போனவள் நெடுநேரம் வரவில்லை. பெரியம்மா கட்டிலின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, கசங்கியிருந்த விரிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். நான் கூட்டினேன். கட்டிலும் மெத்தையும் இரண்டாயிரத்து எழுநூறு. விரிப்புகள் தொள்ளாயிரம். பிக்கப்புக்கு டீசல் இருநூறு. மறுதேர்வுக் கட்டணம் இருவருக்கும் ஆயிரத்து இருநூறு. அன்றைக்கு இருவரும் இழந்த கூலி தொள்ளாயிரம். மூன்று பேர் சேலம் போய் வந்த பஸ் இருநூற்றுப் பத்து.

ஆறாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய். வலது பக்கத்துக்கு மூவாயிரத்து ஐம்பத்தைந்து.